மெத்தை மடிப்பு

என் அத்தான் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. வாங்க முடியாமல் இல்லை, வாங்கக் கூடாது என்று. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் ஒன்று இருந்ததாம். ஒருநாள் அது அக்காவுக்கு ஷாக் அடித்துச் சுவரோரம் தூக்கிப் போட்டது. அத்தான் அந்தப் பெட்டியை ஒயரோடு சுருட்டிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "இனிமே இந்தச் சனியன் என் வாசப்படி ஏறக் கூடாது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியாத மனுஷன், அவள் மேல் வைத்திருக்கும் பிரியத்தை அந்த ஒரு காரியத்தில்தான் வெளியே காட்டினார். அதனால் அக்காவும் அதை எதிர்த்துப் பேசியதில்லை.

ஆனால் அவர் பார்க்கிற வேலையோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. வெள்ளைச் சட்டை, கருநீல பேன்ட். கசங்கின உடுப்போடு டிரைவர் சீட்டில் ஏறினால் பிள்ளைகள் மதிக்காது என்பது அவர் கட்சி. ஆறு வயசுப் பிள்ளைகள் உங்கள் பேன்ட் மடிப்பையா பார்க்கப் போகின்றன என்று நான் கேட்டால், "உனக்கென்ன தெரியும் வாயாடி" என்பார். அந்த வீட்டில் எனக்குப் பெயரே வாயாடிதான்.

சட்டைக்கு அவர் வைத்திருந்த வழி சுலபமானது. துவைத்த சட்டையைப் பிழியக் கூடாது. சொட்டச் சொட்ட ஹேங்கரில் மாட்டி, காலரையும் பட்டன் பட்டியையும் விரலால் இழுத்துவிட்டால் தண்ணீரின் கனமே சுருக்கத்தை எடுத்துவிடும். பேன்ட்டுக்கு மெத்தை. தையலோடு தையல் சேர்த்து மடித்து, ஈரக் கையை ஒரு தடவை மேலே உதறி, அடியிலும் மேலும் பழைய செய்தித்தாள் வைத்து, மெத்தையைத் தூக்கிக் கட்டில் பலகைமேல் விரிப்பார். அதற்கு மேல் மல்லாந்து படுத்துத் தூங்குவார். அத்தானுக்குக் கொஞ்சம் தாராளமான உடம்பு. காலையில் பேன்ட் கத்தி மாதிரி நிற்கும்.

"அசையாமத் தூங்கணும். அதான் சூட்சுமம். மனசு சுத்தமா இருந்தா உடம்பு புரளாது. உடம்பு புரளலேன்னா மடிப்பு கலையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பால்காரர், மாடிவீட்டுக்காரர், பக்கத்துத் தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவர் வரை எல்லாரும் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள்தான்.

நான் அவர்கள் வீட்டில் வந்து தங்கியது வேலைக்காக. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்து நான் படித்த ஒரே படிப்பு, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. தினம் ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சத்தியம் பண்ணாத ஆளே அங்கே வந்ததில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். அதனால் அத்தான் காலையில் பால் பாக்கெட்டோடு வந்து, மெத்தையைத் தூக்கி, பேன்ட்டை உருவி உதறி, "பாத்தியா, நேத்து என்ன தூக்கம்!" என்று காட்டும்போது நான் சும்மா இருக்க மாட்டேன்.

"நீங்க தூங்கினதுக்கு பேன்ட்டா சாட்சி சொல்லும்?"

"தொட்டுப் பாரு. இன்னும் சூடா இருக்கு. என் உடம்புச் சூடு."

தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சூடாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. அத்தான் பால் வாங்கப் போயிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். உள்ளே ஒரே ஆவி. வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அதற்கு மேலே கொடியில் அத்தானுடைய பேன்ட்டைத் தொங்கவிட்டிருந்தாள் அக்கா. ஈரக் கையால் இடுப்பிலிருந்து கால் ஓரம் வரைக்கும் நீவி நீவி இழுத்துக்கொண்டிருந்தாள். வாஷ்பேசின் மேல் அடி தட்டையான எவர்சில்வர் சட்டியில் கொதிக்கிற தண்ணீர்.

"என்னக்கா பண்றே?"

"கதவச் சாத்து. ஆவி போயிடும்."

சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். அவள் பேன்ட்டை எடுத்து ஒரு பலகைமேல் மடித்துப் போட்டு, சட்டியின் காதைத் துணியால் பிடித்து அதன்மேல் மெதுவாக ஓட்டினாள். முழங்கால் பக்கத்தில் இன்னும் கசங்கல் போகவில்லை. அங்கே மட்டும் சுருட்டிப் பிழிந்து போட்ட மாதிரி இருந்தது. எச்சில் தொட்டுவைத்த மாதிரி விரலால் தண்ணீர் தொட்டு வைத்து மறுபடி அழுத்தினாள்.

"அசையாமத் தூங்குறவரு பேன்ட் ஏன் இப்படி இருக்கு?"

"அவரா அசையாமத் தூங்குறாரு?" என்றாள் அக்கா. சத்தம் வரக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கொர்ர்னு குறட்டை விடுவாரு. திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எழுந்து உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் தண்ணியில முங்கின ஆளு மேல வர்ற மாதிரி உடம்பு தூக்கிப் போடும். கைய கால உதைப்பாரு. மறுபடி குறட்டை. விடியற வரைக்கும் இதே கதைதான். காலையில எழுந்தா அவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது."

"அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா யாரு நம்புறா? எனக்கா, என் மடிப்பப் பாருங்கறாரு."

"அந்த மடிப்பு நீ போட்டதாச்சே!"

அக்கா பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள். செய்தித்தாளை மாற்றி, மெத்தைக்கு அடியில் பழையபடி வைத்து, விரிப்பைச் சரிசெய்துவிட்டு வந்தாள். பின்னாலேயே அத்தான் வந்து, மெத்தையைத் தூக்கி, "பாத்தியா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. புருஷனுக்கு இப்படி ஒரு நாடகமா என்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற நேரத்தில் அத்தானுடைய பஸ் நடைபாதைமேல் ஏறி, விளக்குக் கம்பத்தை உரசிக்கொண்டு போய் நின்றது. பக்கக் கண்ணாடி தெறித்துப் போனது. ஒரு பிள்ளைக்கு உதட்டில் பல் பட்டு ரத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த நடைபாதையில் அந்த நேரம் பார்த்து யாரும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாய் ஏதாவது குறுக்க வந்துச்சாங்க?" என்று அக்கா கேட்டாள். காரணத்தையும் அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"நாயெல்லாம் இல்ல. ரோடு இருந்துச்சு. அப்புறம் கம்பம் இருந்துச்சு. நடுவுல என்ன இருந்துச்சுன்னுதான் தெரியல."

 அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள். டாக்டரைப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அதுவரைக்கும் வேறு டிரைவர் ஓட்டட்டும். அத்தானுக்கு அதுவே பெரிய அவமானம். தன் பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எங்கள் பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஒரு பொது மருத்துவர் இருந்தார். நானே பேசி நேரம் வாங்கினேன். அவர் நாலு கேள்வி கேட்டால் விஷயம் தானாக வெளியே வந்துவிடும், அக்காவும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, நானும் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

மூன்று பேரும் போனோம். அத்தான் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். வயசுக்கு மோசமில்லை என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டே, "தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்குவேன் டாக்டர்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். ஒரு காலை முன்னால் நீட்டி, பேன்ட்டின் மடிப்பை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "அவளக் கேக்கவே வேணாம் டாக்டர். இதப் பாருங்க. இஸ்திரி கிடையாது. மெத்தைக்கு அடியில வச்சு மேல படுத்துக்குவேன். ராத்திரியெல்லாம் புரண்டிருந்தா இது இப்படி நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

டாக்டருக்கு நல்ல சிரிப்பு. "என் பேன்ட்டையும் உங்ககிட்ட அனுப்பலாம் போலிருக்கே" என்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பேசாமல் இருந்ததற்கு அந்தப் பிடி மட்டும் காரணம் இல்லை. அத்தானுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தில் பொய்யே இல்லை. அந்த மனுஷன் தான் நன்றாகத் தூங்குவதாக மனசார நம்பினார். நம்பும்படி தினமும் காலையில் வெந்நீரை வைத்துப் பூசி மெழுகியது அவர் பெண்டாட்டி. அதை அந்த மேஜைமுன்னால் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி வேலைக்குப் போனேன். கை வேலை செய்கிறது, மனசு அங்கே இல்லை. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் எங்கள் பல் டாக்டரம்மாவிடம் கேட்டேன், தூக்கத்தில் ஒருவருக்கு மூச்சு நின்று நின்று வருமா என்று. அது ஒரு வியாதி என்றார். தொண்டை அடைத்துக்கொள்கிறது, உடம்பு திடுக்கிட்டு முழிக்கிறது, ஆனால் அந்த ஆளுக்கு முழித்தது தெரியாது. ராத்திரி தூக்கமே இல்லாமல் பகலில் உட்கார்ந்த இடத்தில் சில நொடி கண் அசந்துவிடுவார்கள், அதுவும் அவர்களுக்குத் தெரியாது. முகத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு மெஷின் இருக்கிறது, அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். "யாருக்கு?" என்று கேட்டார். "வண்டி ஓட்டுறவரா இருந்தா உடனே நிறுத்தச் சொல்லு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அத்தான் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் காட்டி, நாளைக்குக் காலையிலிருந்து தன் பஸ்ஸைத் தானே ஓட்டலாம் என்று சம்மதம் வாங்கிவிட்டு, இப்போது பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறாராம். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"நாளைக்கு அந்த பஸ்ல பிள்ளைங்க இருக்கும்க்கா. நடைபாதையில ஆளும் இருப்பாங்க."

"என் கையாலேயே அவரு சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?"

"வேலை என்னக்கா வேலை! அந்த மெஷினப் போட்டுச் சரியானதும் ஓட்டிக்கட்டும்."

"வேலைக்காகவா சொல்றேன்?" அக்கா சோப்புக் கையோடு திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "முதத் தடவ அந்த பேன்ட் கசங்கி வந்துச்சே, அன்னைக்கு அவரு என்ன கேட்டாரு தெரியுமா? எனக்கு வயசாயிடுச்சான்னு கேட்டாரு. எங்கிட்ட அவரு எதையுமே கேட்டதில்லடி. சொல்றதுதான், கேக்கறதில்ல. அந்த மூஞ்சிய எனக்குப் பாக்க முடியல. மறுநாள் நானே நீவி வச்சேன். ரெண்டு நாளைக்குன்னு நெனச்சேன். அப்புறம் நிறுத்த முடியல."

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை விட்டுவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

"காலையில நான் சொல்லிடுவேன்" என்றேன்.

"சொல்லு. உன்னையா நம்புவாரு? பேன்ட்டத்தான் நம்புவாரு."

மறுநாள் காலையில் வாசல் கதவு திறந்து மூடுகிற சத்தத்தில் எழுந்தேன். அத்தான் பால் வாங்கப் போய்விட்டார். வெந்நீர்க் குழாய்ச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் பேன்ட்டோடு குளியலறைக்குள் போகும்போது பறித்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். சத்தமே வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் மட்டும் சும்மா இல்லை. மேஜைமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு கையாலும் நீவிக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

நான் எதிரே உட்கார்ந்தேன்.  அந்தப் பத்து நிமிஷம் அவள் அந்த நாற்காலியை விட்டு எழாமல் இருந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது. ரெண்டு தடவை எழப்போனாள். ரெண்டு தடவையும் தானே உட்கார்ந்துகொண்டாள்.

அத்தான் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பாலை மேஜைமேல் வைத்துவிட்டு நேரே உள்ளே போனார். மெத்தை தூக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. "பாத்தியா" வரவில்லை.

ரெண்டு பேரும் எழுந்து போனோம். மெத்தையைத் தோளில் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். செய்தித்தாள் கிழிந்து துண்டு துண்டாகக் கிடந்தது. பேன்ட்டின் ஒரு கால் இன்னொரு காலைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் பக்கம் பந்தாகச் சுருண்டிருந்தது.

"இது என்ன?"

"உங்க பேன்ட்தாங்க" என்றாள் அக்கா.

"நேத்து எனக்கு என்ன ஆச்சு?"

"நேத்து மட்டும் இல்லீங்க. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கு. நீங்க பால் வாங்கப் போறப்ப நான் எடுத்து நீவி, திரும்ப வச்சிருவேன்."

அத்தான் மெத்தையைக் கீழே விட்டார். பேன்ட்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "சூடா இருக்குமே" என்றார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

"வெந்நீர்ச் சட்டி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், மூச்சு நிற்பதை, உடம்பு தூக்கிப் போடுவதை, எழுந்து உட்கார்ந்து அவர் மார்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதை. டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். சீக்கிரம் சொல்லி முடிக்கப் பார்த்தேன். 

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த பேன்ட்டை முழங்கால்மேல் விரித்துப் போட்டார்.

"அப்ப அந்தக் கம்பம்" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "எனக்குப் பின்னாடி சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு உக்காரும். ஏறினதும் தூங்கிடும். நான் ஓட்டுறேங்கற தைரியத்துல தூங்குது."

எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினார். இன்றைக்கும் வேறு டிரைவரையே அனுப்புங்கள், டாக்டர் சொன்னது தப்பு, நான்தான் அவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்டதும் அக்காவின் அழுகை இன்னும் அதிகமானது.

பிறகு அந்த பேன்ட்டையே மாட்டிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் கசங்கின பேன்ட்டோடு அவர் வாசலில் நின்று நான் பார்த்ததில்லை, அக்காவும் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணைத் துடைத்த ஈரக் கையோடு குனிந்து, முழங்கால் பக்கத்தை நீவிவிடப் பார்த்தாள்.

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் விடு. டாக்டர் பாக்கட்டும்." அவளைத் தூக்கி நிறுத்தினார். "நீயும் கிளம்பு. ராத்திரி நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். இந்தத் தடவ நான் வாயத் திறக்கல, நீ சொல்லு."

அக்கா செருப்பைத் தேடினாள். அழுத கண்ணுக்கு எது யாருடையது என்று தெரியவில்லை போலிருக்கிறது, என் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு படியிறங்கிப் போய்விட்டாள்.